மூன்றில் ஒரு நொடி

குடைக்காரன் குடையைத் தலைக்கு மேல் தூக்குவதற்கும் அது என் மண்டையில் இறங்குவதற்கும் நடுவே இருபது படங்கள் ஓடுகின்றன. நொடிக்கு அறுபது படம் என்பது கணக்கு. ஆக, எனக்குக் கிடைப்பது மூன்றில் ஒரு நொடி. அதற்குள் நான் பார்க்க வேண்டும், பார்த்தது என்னவென்று புரிய வேண்டும், கட்டைவிரலை நகர்த்த வேண்டும், எழுந்து நிற்க வேண்டும். நான் என்றால் நான் இல்லை, திரையில் எனக்காக அடி வாங்கும் மல்லன். அவனுக்கு வலிப்பதாகத் தெரியவில்லை. எனக்குத்தான் காது வரைக்கும் சூடேறும்.

இந்தச் சண்டை விளையாட்டில் குனிந்தும் தடுக்கலாம், நின்றும் தடுக்கலாம். குனிந்து தடுத்தால் காலுக்கு வரும் அடி, வயிற்றுக்கு வரும் அடி எல்லாம் நிற்கும். அதனால் புத்தியுள்ளவர்கள் குனிந்தே இருப்பார்கள். அதைத் தெரிந்துகொண்டுதான் விளையாட்டைச் செய்தவன் குடைக்காரனுக்கு ஒரு மேலடி கொடுத்து வைத்திருக்கிறான். குனிந்திருப்பவர்கள் தலையில் மட்டும் விழும் அடி அது. நின்றால் தடுத்துவிடலாம். நிற்கத்தான் நேரம் போதாது.

எனக்கு இருபத்தொன்பது வயது. பெயர் சிஜி. நெய்யாற்றின்கரையில் ஒரு லேபில் ரத்தம் எடுக்கிறேன். காலையில் நாற்பது கைகளில் ஊசி ஏற்றுவேன், ஒரு குத்தில் நரம்பு கிடைக்கும். பச்சைக் குழந்தைகளைக்கூட என்னிடம்தான் அனுப்புவார்கள். அப்படிப்பட்ட கை இது. வேலை முடிந்ததும் வீட்டுக்குப் போகும் பாறசாலை பஸ்ஸைப் பிடிக்காமல் அதியன்னூரில் தீபுவின் கடைக்குப் போய்விடுவேன். முன்பக்கம் மொபைல் ரிப்பேர், பின்பக்கம் விளையாட நாலு டிவி, எட்டு பிளாஸ்டிக் நாற்காலி. தீபு என்னோடு பள்ளிக்கூடத்தில் படித்தவன். போன வருஷம் வரை அந்தப் பின்னறையில் என்னை அடிக்க ஆள் கிடையாது.

பிறகு அஸ்வந்த் வந்தான். தனுவச்சபுரத்தில் படிக்கிறான், இருபது வயது, மீசை வருவதா வேண்டாமா என்று இன்னும் யோசித்துக்கொண்டிருக்கிறது. குடைக்காரன் அவனுடைய ஆள். முதல் நாள் என்னை ஏழு தடவை மேலடி அடித்தான். மறுநாள் ஒன்பது. ஒவ்வொரு தடவையும் குடை இறங்கிய பிறகுதான் எனக்கு அது குடை என்று தெரிந்தது. வயதாகிவிட்டதோ என்று பயந்து, பஸ்ஸில் உட்கார்ந்து போனில் சோதித்துப் பார்த்தேன். திரை பச்சையானதும் தொட வேண்டும், எவ்வளவு நேரம் எடுத்தோம் என்று அது சொல்லும். பதினாறு படம் ஓடும் நேரம்தான் எனக்கு ஆனது. அப்படியென்றால் நாலு படம் மிச்சம் இருக்கிறது. நாலு படத்தை வைத்துக்கொண்டு தினமும் அடி வாங்குகிறேன் என்றால் அது எந்த ஊர் நியாயம் என்று எனக்கு விளங்கவில்லை. பாலராமபுரம் பஸ்காரன் டிக்கெட் கேட்டதுகூடக் காதில் விழாமல் பச்சையைத் தொட்டுக்கொண்டே இருந்தேன்.

எனக்கு ஓலை வாசிக்கத் தொடங்கியதும் அதே மாதம்தான்.

எங்கள் சபையில் கல்யாணத்துக்கு முன்னால் மூன்று ஞாயிற்றுக்கிழமை ஓலை வாசிப்பார்கள். இன்னார் மகனுக்கும் இன்னார் மகளுக்கும் விவாகம் நிச்சயித்திருக்கிறது, யாருக்காவது தடை சொல்ல இருந்தால் இப்போது சொல்லலாம் என்று போதகர் கேட்பார். மூன்று வாரமும் யாரும் வாய் திறக்காவிட்டால் ஓலை முடிந்தது. பிறகு கல்யாணம்தான். மாப்பிள்ளை காஞ்சிரங்குளத்துக்காரன், பெயர் நிஜின், பஹ்ரைனில் வேலை. ஊரில் எல்லாருக்கும் அவனைப் பிடித்திருந்தது. என்னைத்தான் யாரும் கேட்கவில்லை.

பொய் சொல்லக் கூடாது, கேட்டார்கள். அவர்கள் பெண் பார்க்க வந்த அன்று அப்பாவின் அக்கா செல்லபாய் மாமிதான் எல்லாவற்றையும் நடத்தினாள். அம்மா இறந்த பிறகு நாலு வருஷமாக எங்கள் வீட்டில் எதையும் நடத்துவது அவள்தான். ஹெட்மிஸ்ட்ரஸாக இருந்து ரிட்டயர் ஆனவள். கேள்வியும் அவளே கேட்பாள், பதிலும் அவளே சொல்வாள், மார்க்கும் அவளே போடுவாள். அன்றைக்கு நான் அச்சப்பப் பலகாரத் தட்டைக் கையில் வைத்துக்கொண்டு நின்றேன். மாமி என்னைப் பார்த்து, பிடித்திருக்கிறதா என்று கேட்டாள். அதே மூச்சில் மாப்பிள்ளை வீட்டார் பக்கம் திரும்பினாள்.

"அவளுக்கு சம்மதம்தான். சின்ன வயசிலேயே இவ வாயத் தொறக்க மாட்டா."

எல்லாரும் சிரித்தார்கள். நான் வாயைத் திறந்தபோது அச்சப்பம் பாதி தீர்ந்திருந்தது. அப்பா தரையைப் பார்த்துக்கொண்டிருந்தார். அவர் வயரிங் வேலைக்காரர். சுவருக்குள்ளே எந்தக் கம்பி எங்கே போகிறது என்று தட்டிப் பார்த்தே சொல்லிவிடுவார். மகள் மனசுக்குள்ளே போகிற கம்பியைப் பற்றி அவர் விசாரித்ததில்லை, நான் சொன்னதும் இல்லை.

நிஜின் கெட்டவன் இல்லை. அவசரக்காரன். போனில் கூப்பிட்டு மீன் பிடிக்குமா என்று கேட்பான், பிடிக்கும் இல்லையா என்று அவனே முடிப்பான். நான் 'ம்' என்று சொன்னால் அதை ஆமாம் என்று எடுத்துக்கொள்வான், சொல்லாவிட்டாலும் ஆமாம்தான். ஒரு நாள் இடைவேளையில் லேபின் பின்கதவருகே நின்று பேசிக்கொண்டிருந்தபோது சாதாரணமாகச் சொன்னான்: "நீ முப்பதாந்தேதி ஜோலி விட்டிருவேன்னு எனக்க மாமன் உங்க லேபில சொல்லியாச்சு, கேட்டியா."

அவனுடைய மாமனுக்கு எங்கள் லேப் முதலாளியைத் தெரியும். நான் பதில் யோசிப்பதற்குள் அவன் பஹ்ரைன் வெயிலைப் பற்றிப் பேசத் தொடங்கியிருந்தான். அன்று சாயங்காலம் பஸ்ஸில் அமரவிளை வரும்போதுதான் எனக்குச் சொல்ல வேண்டிய பதில் கிடைத்தது. நல்ல பதில், அவன் வாயடைத்துப் போகும்படியான பதில். பக்கத்தில் உட்கார்ந்திருந்த அம்மாளிடம் சொல்லலாம் போல இருந்தது.

எனக்கு எப்போதும் இப்படித்தான். கேள்வி வந்து மண்டையில் விழுந்து வீட்டுக்கும் போன பிறகுதான் நான் எழுந்து நிற்பேன். இந்த மேலடியை மட்டும் தடுக்கப் பழகிவிட்டால் மற்றதையும் தடுத்துவிடலாம் என்று அந்த மாதம் நான் நம்பினேன். சிரிப்பாகத்தான் இருக்கிறது. ஆனால் நம்பினேன்.

முதல் ஓலை. பெண் தன் ஓலையை உட்கார்ந்து கேட்பது எங்கள் சபையில் வழக்கமில்லை, அந்த மூன்று வாரமும் வீட்டில் இருந்துவிடுவார்கள். ஆனால் நான் இல்லாவிட்டால் கீபோர்டு வாசிக்க ஆளில்லை. பதினாறு வயதிலிருந்து நான்தான் வாசிக்கிறேன். அதனால் போகட்டும் என்று மாமியே சொல்லிவிட்டாள்.

இங்கே ஒன்றைச் சொல்லியாக வேண்டும். யாருக்காவது தடை உண்டா என்று கேட்டுவிட்டு, நாங்கள் அச்சன் என்று கூப்பிடும் வேதமணி போதகர் தாளைப் பார்த்தபடி சும்மா நிற்பார். எவ்வளவு நேரம் நிற்பார் என்பது அவர் கையில் இல்லை, என் கையில். அடுத்த பாட்டின் முதல் சுருதியை நான் பிடித்ததும் அந்த அமைதி முடிந்துவிடும், சபை எழுந்து நிற்கும். அமைதி நீண்டால் பின்வரிசையில் இருமத் தொடங்குவார்கள், பிள்ளைகள் பெஞ்சைத் தட்டும், பெண் வீட்டாருக்கு வியர்க்கும். அதனால் இரண்டு நொடிக்கு மேல் நான் விட்டதே இல்லை. பதின்மூன்று வருஷமாக எத்தனையோ பேருடைய ஓலைக்கு அப்படி மூடி போட்டிருக்கிறேன்.

அன்று தடை உண்டா என்று அவர் கேட்டார். என் பெயரைக் கேட்ட படபடப்பில் நான் அவரையே பார்த்துக்கொண்டிருந்தேன். எங்கேயோ கீபோர்டு சத்தம் கேட்டது. சபை எழுந்தது. இரண்டாவது வரி பாடும்போதுதான் வாசிப்பது என் கை என்று எனக்குத் தெரிந்தது. என் ஓலைக்கு நானே மூடி போட்டிருந்தேன்.

அந்த வாரம் முழுக்க எனக்கு இருப்புக்கொள்ளவில்லை. சோற்றைப் பிசைந்துகொண்டே இடது கட்டைவிரலை ஆட்டினேன். லேபில் ஒரு பெரியவருக்கு ஊசி போடும்போது என் கால் ஆடுவதைப் பார்த்து, மோளுக்கு ஷுகர் உண்டா என்று அவர் கேட்டார். தீபுவின் கடையில் பயிற்சிக்கென்று தனியாக ஒரு வழி உண்டு. கம்ப்யூட்டரே குடைக்காரனாக நின்று மேலடியை மட்டும் திரும்பத் திரும்ப அடிக்கும். அதில் பத்துக்கு ஒன்பது தடுத்தேன். உடனே அஸ்வந்தைக் கூப்பிட்டு உட்காரவைத்தேன். அவன் ஆறு மேலடி அடித்தான், ஆறும் விழுந்தது. கம்ப்யூட்டர் அடித்தால் தெரிகிற குடை மனுஷன் அடித்தால் தெரியாமல் போவது என்ன மாயம் என்று கேட்டேன். அவன் தோளைக் குலுக்கிவிட்டு சர்பத் குடிக்கப் போனான். கன்ட்ரோலரைத் தூக்கி எறியாமல் இருந்ததற்கு ஒரே காரணம், அது தீபுவினுடையது.

இரண்டாவது ஓலைக்கு நான் தயாராகப் போனேன். கை என்னை ஏமாற்றக் கூடாது என்று, போதகர் தாளை எடுத்ததும் வலது கையைத் தொடைக்கு அடியில் வைத்து அதன்மேல் உட்கார்ந்துகொண்டேன். அமைதி வந்தது. இதோ எழுந்து சொல்லப்போகிறேன் என்று மூச்சை இழுத்தேன். அதற்குள் இடது கை போய்ச் சுருதியைப் பிடித்துவிட்டது. இடது கைக்கும் பாட்டு தெரியும் என்பதை நான் மறந்துபோயிருந்தேன். சபை பாடியது. முன்வரிசையில் மாமி கண்ணை மூடிக்கொண்டு மனசு நிறைந்து பாடினாள்.

அன்று சாயங்காலமே கல்யாணக் கடிதம் அச்சாகி வந்தது. என் பெயர் பொன் எழுத்தில் இருந்தது.

திங்கட்கிழமை கடைக்குப் போனபோது தீபு என்னைத் தனியாகக் கூப்பிட்டான். நானும் அஸ்வந்தும் ஆடியதை அவன் பதிவு செய்து வைத்திருந்தான். நான் அழுத்திய பொத்தான் எல்லாம் ஓரத்தில் வரிசையாகத் தெரியும் பதிவு. குடை தூக்கும் இடத்தில் நிறுத்தினான். ஒவ்வொரு படமாக நகர்த்தினான். பிறகு அடுத்த மேலடி, அதற்கடுத்தது. ஆறிலும் ஒரே கதை. குடை மேலே போகும் நேரத்தில் என் மல்லன் எதற்கோ ஒரு குத்தை நீட்டிக்கொண்டிருந்தான். நீட்டிய கையை இழுக்கும் வரை அவனால் தடுக்க முடியாது. வீட்டைத் திறந்து போட்டுவிட்டு ஜன்னலைச் சாத்திக்கொண்டிருக்கிறேன்.

"நீ ஸ்லோ ஒண்ணும் இல்ல," என்றான் தீபு. "அவன் குடை தூக்கும்பம் ஒனக்க கை வேற வேலையில இரிக்கு ஆக்கும்."

நான் ஒத்துக்கொள்ளவில்லை. சும்மா இருந்தால் அவன் வந்து அடிப்பான், அதனால்தான் குத்துகிறேன் என்று வாதாடினேன். அவன் எண்ணிக் காட்டினான். ஒரு ரவுண்டில் அஸ்வந்த் எழுபத்தெட்டு தடவை பொத்தானை அழுத்தியிருந்தான். நான் முந்நூற்றுப் பன்னிரண்டு. அதில் இருநூறையாவது எதற்கு அழுத்தினேன் என்று எனக்கே தெரியாது. யாரும் கேட்காமல், எதுவும் வராமல், பயத்தில் கை தானாக எதையாவது செய்துகொண்டிருந்தது. பார்க்கப் பார்க்க எனக்கு வெட்கமாக இருந்தது.

அந்த வாரம் நான் பழகியது ஒன்றே ஒன்று. எதையும் அழுத்தாமல் இருப்பது. சொல்லும்போது எளிதாக இருக்கிறது. குடைக்காரன் எதிரே குதித்துக்கொண்டு நிற்கும்போது கட்டைவிரலைப் பொத்தான்மேல் வைத்துக்கொண்டு சும்மா இருந்து பாருங்கள், தெரியும். முதல் நாள் எனக்கு அழுகை வந்தது. இரண்டாம் நாள் அஸ்வந்த் தயவு பண்ணி ஒரு மணிநேரம் உட்கார்ந்தான். என்னை அடித்து அடித்து அவனுக்கே அலுத்திருக்க வேண்டும். புதன்கிழமை ஒரு மேலடியைத் தடுத்தேன். வியாழக்கிழமை மூன்று. கை காலியாக இருந்தால் குடை அவ்வளவு வேகமாக வருவதில்லை. அது மேலே போவதே தெரிந்தது.

வெள்ளிக்கிழமை அப்பாவிடம் சொல்லிவிடலாம் என்று தோன்றியது. கூடத்து மின்விசிறியைக் கழற்றி மடியில் வைத்துக்கொண்டு உட்கார்ந்திருந்தார். பக்கத்தில் யாரும் இல்லை. அப்பா என்று கூப்பிட்டேன். என்ன என்று நிமிர்ந்தார். சோறு எடுத்து வைக்கட்டா என்று கேட்டேன். எடு என்றார். போய் எடுத்து வைத்தேன், அப்பளம் பொரித்தேன், தண்ணீர் வைத்தேன், அடுக்களையைக் கழுவினேன். எல்லா வேலையும் செய்தேன், அந்த ஒன்றைத் தவிர. அதற்குப் பயம் என்றுதான் பெயர். அச்சடித்த கடிதத்தை வீடு வீடாகப் போய்த் திரும்ப வாங்க வேண்டிவரும் என்ற பயம், அப்பா அதே போலத் தரையைப் பார்ப்பாரே என்ற பயம்.

சனிக்கிழமை போட்டி. நெய்யாற்றின்கரையில் ஒரு ஹால், முப்பத்திரண்டு பேர், சுவர் அதிரும் ஸ்பீக்கர். பெண் என்று நான் ஒருத்திதான். பெயர் எழுதும் பையன் யாருக்குத் துணைக்கு வந்தீர்கள் என்று கேட்டான். முதல் சுற்றில் அவனுடைய அண்ணனைத் தோற்கடித்தேன், அதில் எனக்கு நல்ல சந்தோஷம். அரையிறுதியில் அஸ்வந்த்.

ஐந்து ஆட்டம், மூன்று ஜெயித்தவர் இறுதிக்குப் போகலாம். முதலாவதை அவன் எடுத்தான். இரண்டாவதில் நான் இரண்டு மேலடியைத் தடுத்து அவனைத் தூக்கி எறிந்தேன். கூட்டம் எழுந்தது. அஸ்வந்த் முதல் தடவையாக நாற்காலியில் நிமிர்ந்து உட்கார்ந்தான். இரண்டுக்கு இரண்டு என்று வந்து, கடைசி ஆட்டத்தின் கடைசி ரவுண்டில் இருவருக்கும் திரையில் உயிர்க்கோடு ஒரு விரல் அகலம்தான் பாக்கி இருந்தது. இனி யார் ஒரு அடி வாங்கினாலும் முடிந்தது. நான் எதையும் அழுத்தவில்லை. ஸ்பீக்கர், கூட்டம், என் நெஞ்சு எல்லாம் அடித்துக்கொண்டிருந்தன. கை மட்டும் சும்மா இருந்தது. குடை மேலே போனது. பார்த்தேன், நின்றேன், தடுத்தேன்.

தடுத்துவிட்டேன். அவ்வளவு தெளிவாக, அவ்வளவு நேரத்தோடு. அடி நின்றுபோன குடையோடு அவன் என் முன்னால் திறந்து கிடந்தான். ஒரு குத்து போதும். நானோ தடுத்ததைப் பார்த்துக்கொண்டே நின்றேன். அதைப்போல ஒரு அழகை நான் பார்த்ததில்லை. அவன் குடையை இழுத்துக்கொண்டு காலில் ஒரு உதை விட்டான். நின்றுகொண்டிருந்தவளின் காலில் விழுந்தது, மல்லன் சாய்ந்தான்.

தீபு தலையில் கை வைத்துக்கொண்டான். அஸ்வந்த் கை கொடுத்துவிட்டு, ஸ்பீக்கர் சத்தத்துக்கு மேலே என் காதருகே குனிந்தான்.

"சேச்சி, தடுத்தா மட்டும் காரியம் இல்ல. தடுத்த பிறவு என்ன செய்யணும்னு முன்னமே நெனச்சு வச்சிருக்கணும்."

அவனை அறையலாமா என்று இருந்தது. பஸ்ஸில் வரும்போது போனில் பச்சையைத் தொடவில்லை. தடுத்த பிறகு என்ன செய்வது என்று மட்டும் யோசித்துக்கொண்டு வந்தேன். பாறசாலையில் இறங்கும்போது என்ன சொல்வது என்று முடிவாகியிருந்தது. நாலு வார்த்தை. காரணம், விளக்கம், மன்னிப்பு ஒன்றும் சேர்ப்பதில்லை. சேர்க்கப் போனால் அந்த இடைவெளியில் மாமி புகுந்துவிடுவாள்.

மூன்றாவது ஓலை. மாமி பட்டுப்புடவையில் வந்திருந்தாள். அப்பா அவளுக்குப் பக்கத்தில். அதே நேரம் காஞ்சிரங்குளத்தில் அவர்கள் சபையிலும் இதே பெயர்களை வாசித்துக்கொண்டிருப்பார்கள். போதகர் தாளை எடுத்தார். ராஜதாஸ் மகள் சிஜி என்று வாசித்தார். தடை சொல்ல யாருக்காவது இருந்தால் இதுவே கடைசித் தடவை என்று சொல்லிவிட்டுத் தாளைப் பார்த்து நின்றார்.

நான் இரண்டு கையையும் மடியில் வைத்துக்கொண்டேன்.

இரண்டு நொடி போனது. வலது கை துடித்தது, விட்டேன், அடங்கியது. ஐந்து நொடி. பின்வரிசையில் ஒருவர் இருமினார். எழுந்திருக்கலாம் என்று பாட்டுப் புத்தகத்தை எடுத்தவர்கள் புத்தகத்தோடு காத்திருந்தார்கள். ஒரு பிள்ளை பெஞ்சைத் தட்டியது, அதன் அம்மா கையைப் பிடித்துக்கொண்டாள். போதகர் தாளிலிருந்து கண்ணை எடுத்து என்னைப் பார்த்தார். பதின்மூன்று வருஷத்தில் அவர் அந்த இடத்தில் என்னைப் பார்க்க வேண்டி வந்ததில்லை. கரண்ட் போய்விட்டதா என்று மேலே சுற்றும் விசிறியையும் பார்த்தார். முன்வரிசையிலிருந்து மாமி, சிஜி, பாட்டு என்று மெதுவாகச் சொன்னாள். இன்னொரு தடவை கொஞ்சம் உரக்கச் சொன்னாள்.

அமைதி அப்படியே இருந்தது. அதை நான்தான் பிடித்து வைத்திருந்தேன். ஆனால் பிடித்து வைத்தால் மட்டும் ஒன்றும் ஆகாது என்று முந்தின நாள்தான் தோற்றுத் தெரிந்திருந்தேன். கீபோர்டுக்குப் பின்னாலிருந்தே போதகரிடம் சொன்னேன்.

"அச்சா, எனக்கு சம்மதம் இல்ல."

என் குரல் இவ்வளவு சாதாரணமாக இருக்கும் என்று நான் நினைக்கவில்லை. யாரோ புத்தகத்தைக் கீழே போட்டார்கள். மாமி எழுந்துவிட்டாள். பிள்ளைக்கு இரண்டு நாளாகக் காய்ச்சல், நேற்று வெயிலில் எங்கேயோ போய்விட்டு வந்தாள், கல்யாணப் பயம் எல்லாப் பெண்களுக்கும் உள்ளதுதான், போதகர் ஜெபம் பண்ணி முடித்துவிடலாம் என்று ஒரே மூச்சில் சொல்லிக்கொண்டு போனாள். நான் பார்த்துக்கொண்டிருந்தேன். அவளுக்குப் பதில் சொல்ல எனக்கு நாலு வார்த்தைக்கு மேல் இல்லை, அதைச் சொல்லியாகிவிட்டது. 

"நீ இரி, அக்கா," என்றார் அப்பா.

மாமி உட்காரவில்லை, ஆனால் பேச்சை நிறுத்தினாள். அப்பா எழுந்து நின்றார். அவர் தரையைப் பார்ப்பார் என்று எதிர்பார்த்தேன். என்னைத்தான் பார்த்தார்.

"எங்கிட்ட எதுக்கு மக்கா சொல்லாம இருந்த?"

"நீங்க கேக்கல்ல, அப்பா."

அவருக்கு அது எங்கே பட்டது என்று எனக்குத் தெரிந்தது. சபை நடுவே அதைச் சொன்னதற்கு எனக்கு அப்போதே வருத்தமாக இருந்தது, ஆனாலும் திரும்ப எடுத்துக்கொள்ளத் தோன்றவில்லை. அவர் பெஞ்சின் முதுகைப் பிடித்துக்கொண்டு நின்றார். வெகுநேரம் நின்றார். இந்தத் தடவை அமைதியைப் பிடித்து வைத்திருந்தது அவர்தான், யாரும் இருமவில்லை.

"இப்போ கேக்கேன். ஒனக்கு வேண்டாமா?"

கேட்டுவிட்டு அவர் காத்திருந்தார். பதில் எனக்கு முன்பே தெரியும். இருந்தாலும் அவர் காத்திருப்பதை இன்னும் கொஞ்சம் பார்க்க வேண்டும் போல இருந்தது. எனக்காக யாரும் அப்படிக் காத்திருந்து நான் பார்த்ததில்லை.

"வேண்டாம்," என்றேன்.

அப்பா போதகரைப் பார்த்துத் தலையசைத்துவிட்டு உட்கார்ந்தார். வேதமணி போதகர் ஓலைத் தாளை இரண்டாக மடித்து வேதப்புத்தகத்துக்குள் வைத்தார். அவருக்கும் இது புதிது. கையைத் துடைத்துக்கொண்டு, காஞ்சிரங்குளத்துச் சபைக்கும் மாப்பிள்ளை வீட்டுக்கும் இதை உடனே தெரிவித்தாக வேண்டும், அதை இங்கிருந்து யார் சொல்வது என்று கேட்கத் தொடங்கினார். மாமியின் கை அதற்குள் பைக்குள் போய்விட்டது. போன் பாதி வெளியே வந்தது, வாயும் பாதி திறந்தது.

"நான் சொல்லுவேன்," என்றேன். போதகர் இன்னும் கேட்டு முடித்திருக்கவில்லை.